எடுத்தலும் படுத்தலும்: ஓர் ஆங்கில வினையடையும் நம் இலக்கணமும்

முன்னுரை

ஒரு மொழியைக் கற்பார்க்கு எழுத்து முதற்படி. சொல் இரண்டாம் படி. அச்சொல்லைச் செவிக்குப் புலப்பட ஒலித்தல் மூன்றாம் படி. ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, முதலிரண்டு படிகளையும் நம் மாணவர்கள் செவ்வனே ஏறிவிடுகின்றனர். இலக்கண வினாக்களுக்கு விடை எழுதுகின்றனர். கட்டுரையும் கடிதமும் பிழையின்றி வரைகின்றனர். ஆயினும் நேர்முகத் தேர்வில் எதிரிலிருப்பவர் 'மீண்டும் ஒருமுறை சொல்லுங்கள்' என்று கேட்டவுடன் சொல் அறிந்தவனும் சோர்ந்துவிடுகிறான். தான் கூறிய சொல் தவறோ என்று ஐயுற்று, அறிந்த விடையையும் கூறாது எழுந்து வருகிறான். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த பிள்ளைகளிடம் இச்சோர்வு மிகுதியாகக் காணப்படுகிறது. 'நம் நாக்கு ஆங்கிலத்திற்கு ஏற்றதன்று' என்று அவர்கள் தமக்குத் தாமே தீர்ப்பு எழுதிக்கொள்கின்றனர்.

அத்தீர்ப்பு பிழையானது. குறை நாவில் இல்லை. தமிழ் தன் சொற்களை ஓர் அளவுகோலால் அளக்கிறது. ஆங்கிலம் வேறோர் அளவுகோலால் அளக்கிறது. இவ்வேற்றுமையை உணர்ந்து கொள்ளத் தேவையான கருவிகள் அனைத்தும் நம் நன்னூலிலும் யாப்பிலக்கணத்திலும் முன்னரே உள்ளன. இதனை ஒரே ஒரு சொல்லைக் கொண்டு விளக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். 'துரதிர்ஷ்டவசமாக' என்று நாம் பெயர்க்கும் 'அன்ஃபார்ச்சுனட்லி' என்னும் ஆங்கில வினையடையே அச்சொல்.

மூன்று மொழி வழங்கும் ஒரு தெரு

இச்சொல்லை ஆராய்வதற்குத் தக்கதோர் இடம் நம் மாவட்டத்திலேயே உண்டு. விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தைச் சேர்ந்த குயிலாப்பாளையமே அது. புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்று, பெரிய முதலியார்சாவடியில் மேற்கே திரும்பினால் இவ்வூரை அடையலாம். 1968ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் ஆரோவில் நகரம் தொடங்கப்பட்டதிலிருந்து அந்நகருக்குச் செல்வோர் பலரும் இவ்வூரைக் கடந்தே செல்கின்றனர். தமிழ் மட்டுமே வழங்கிய ஓர் உழவர் ஊரின் தெருவில் ஆங்கிலமும் பிரெஞ்சும் பிற ஐரோப்பிய மொழிகளும் நாள்தோறும் ஒலிக்கலாயின. ஊரை ஒட்டி அமைந்த பள்ளியொன்று, நியூ கிரியேஷன் பள்ளி என்று வழங்கிய காலத்தில், தன் பெயரிலேயே 'இருமொழிப் பள்ளி' என்னும் அடைமொழியைத் தாங்கி நின்றது.

இத்தகைய ஊரில், ஒரே கருத்தை மூன்று மொழியினர் மூன்று வகையாக உரைப்பதைக் கேட்கலாம். பேருந்து சென்றுவிட்டது என்றோ, கடை அடைத்துவிட்டது என்றோ வருந்திக் கூற வேண்டிய இடத்தில் ஆங்கிலேயர் 'அன்ஃபார்ச்சுனட்லி' என்பார். பிரெஞ்சுக்காரர் 'மலெரெஸ்மான்' என்று ஈற்றை மூக்கொலியாக்கி மொழிவார். தமிழர், ஏட்டு வழக்கில், 'துரதிர்ஷ்டவசமாக' என்பார். பொருள் ஒன்று, ஓசை மூன்று. ஆங்கிலேயர் இரண்டாம் அசையை எடுத்து ஒலிக்கிறார். பிரெஞ்சுக்காரரோ இறுதி அசையில் ஊன்றுகிறார். தமிழர் எந்த அசையையும் தனித்து உயர்த்தாது, குறிலைக் குறிலாகவும் நெடிலை நெடிலாகவும் ஒலித்துச் செல்கிறார். ஒருவர் பேச்சு மற்றவர்க்கு எளிதில் விளங்காமைக்கு இதுவே முதற்காரணம்.

அசை இருவகை

'சிலபிள்' என்னும் ஆங்கிலக் கலைச்சொல்லுக்கு 'அசை' என்று மொழிபெயர்ப்பது வழக்கமாகிவிட்டது. மாணவர் மயங்குவதும் இவ்விடத்தேதான். அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகை கூறும் நேரசையும் நிரையசையும் ஆங்கிலத்தாரின் 'சிலபிள்' அல்ல. ஆங்கிலத்தில் ஓர் உயிரொலி வந்தால் ஓர் அசை, அவ்வளவே கணக்கு. தமிழ் யாப்பிலோ இரு குறில் இணைந்தும், குறிலும் நெடிலும் இணைந்தும் ஒரு நிரையசையாகின்றன. அதாவது, ஒரு நிரையசைக்குள் இரண்டு உயிரொலிகள் அடங்குகின்றன. ஆகவே ஆங்கிலத்தார் கூறுவதை 'ஒலியசை' என்றும், நம் யாப்பு கூறுவதை 'யாப்பசை' என்றும் ஈண்டு வேறுபடுத்திக் கொள்வோம்.

குயிலாப்பாளையம் என்னும் ஊர்ப்பெயரையே எடுத்துக் கொள்ளலாம். ஒலியசைகளாகப் பிரித்தால் கு – யி – லாப் – பா – ளை – யம் என ஆறு வரும். யாப்பசைகளாக அலகிட்டால் குயி / லாப் / பா / ளையம் என நான்கே வரும். சொல்லின் இடையில் நிற்கும் ஐகாரம் குறுகிக் குறிலின் நிலையில் நிற்பதால் 'ளையம்' குறிலிணை ஒற்றடுத்த நிரையாயிற்று. நிரை, நேர், நேர், நிரை என்று வருவதால் இது புளிமாந்தண்ணிழல் என்னும் நாலசைச்சீர். ஆறும் நான்கும் முரண்பட்ட கணக்குகள் அல்ல. முன்னது உயிரொலியை எண்ணுகிறது. பின்னது காலஅளவின் கட்டமைப்பை எண்ணுகிறது.

இனி, நம் ஆங்கிலச் சொல்லை எண்ணுவோம். எழுத்தில் அதற்குப் பதின்மூன்று எழுத்துகள். அவற்றுள் உயிர் ஒலிக்குரியவை ஆறு. ஆயினும், ஈற்றயலில் நிற்கும் 'இ' என்னும் எழுத்து ஒலிக்கப்படாத ஊமை எழுத்து. எனவே எஞ்சிய ஐந்து உயிரொலிகளைக் கொண்டு அன் – ஃபார் – சு – னட் – லி என ஐந்து ஒலியசைகளே உள்ளன. தமிழில் எழுதிய எழுத்தனைத்தையும் ஒலித்துப் பழகிய நாம், ஊமை எழுத்துக்கும் குரல் கொடுத்துவிடுவது இயல்பே. ஆதலின் ஆங்கிலச் சொல்லை அசை பிரிக்கும்போது கண்ணை நம்பாது செவியை நம்ப வேண்டும் என்பது முதல் விதியாகும்.

இச்சொல்லின் நடுவே எழுத்தில் 'ட்' என்னும் ஒலிக்குரிய எழுத்து இருக்க, வாயில் 'அச்சு' என்பதில் வரும் வல்லின ஒலி பிறப்பது ஏன் என்றும் மாணவர் வினவக்கூடும். அங்கே 'ட்' என்னும் ஒலியை அடுத்து 'யூ' என்னும் ஒலி நின்றது; இரண்டும் கலந்து 'ச்' ஆயிற்று. இது நமக்குப் புதியதன்று. 'படித்து' என்னும் செந்தமிழ்ச் சொல் பேச்சு வழக்கில் 'படிச்சு' ஆவதும், 'அடித்தான்' என்பது 'அடிச்சான்' ஆவதும் இதே வகை மாற்றமே. நாவின் முன்பகுதி மேலண்ணத்தை நோக்கி எழும் 'இ', 'ய' போன்ற ஒலிகளின் அண்மையால் தகரம் சகரமாகிறது. வாய் எல்லா நாட்டார்க்கும் ஒன்றே. அதன் சோம்பலும் ஒன்றே.

பகுபத உறுப்புகள்

பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூல், ஒரு பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறு உறுப்புகளாகப் பகுத்தறியும் முறையைக் கற்பிக்கிறது. அக்கண்கொண்டு நோக்கின் ஆங்கிலச் சொல்லும் அழகாகப் பிரிகிறது.

இச்சொல்லின் நடுவில் நிற்பது 'ஃபார்ச்சூன்' என்னும் பகுதி. பேறு, ஊழ், தற்செயல் ஆகிய பொருள்களில் இலத்தீன் மொழியில் வழங்கிய 'ஃபார்ட்டூனா' என்பதன் வழிவந்தது இது. அதனுடன் சேர்ந்த 'அட்' என்னும் ஒட்டும் இலத்தீன் வழியினதே. 'அதனை உடைய' என்னும் பெயரடைப் பொருளைத் தருவது. முன்னே நிற்கும் 'அன்' என்பது எதிர்மறை முன்னொட்டு. ஆங்கிலத்தின் சொந்த உடைமை. இறுதியில் நிற்கும் 'லி' என்பதும் அவ்வாறே பழைய ஆங்கிலத்தினின்று வந்தது. பேறுடைய, பேறற்ற, பேறற்ற வகையில் எனப் பொருள் படிப்படியாக வளர்ந்து முழுச்சொல் அமைகிறது.

இனித் தமிழ்ச் சொல்லைப் பிரிப்போம். துர் + அதிர்ஷ்டம் + வசம் + ஆக. 'துர்' என்பது தீமைப் பொருள் தரும் வடமொழி முன்னொட்டு. 'அதிர்ஷ்டம்' என்பதே 'அ' என்னும் எதிர்மறையும் 'காணப்பட்டது' என்னும் பொருளுடைய சொல்லும் சேர்ந்தது. கண்ணுக்குப் புலப்படாதது என்பது அதன் அடிப்பொருள். 'வசம்' என்பது அதற்கு உட்பட்ட நிலை. இறுதியில் நிற்கும் 'ஆக' என்பதோ தூய தமிழ். ஆகு என்னும் வினையடியாகப் பிறந்த எச்சம், பெயரை அடுத்து நின்று வினையடையை ஆக்கித் தருகிறது.

பிரெஞ்சுச் சொல்லும் இவ்வாறே பிரியும். 'மல்' என்பது தீமை. 'எர்' என்பது நற்குறி, நற்பேறு ஆகியவற்றைக் குறித்த பழஞ்சொல். ஈற்றிலுள்ள 'மான்' வினையடை விகுதி.

இம்மூன்றனையும் ஒருங்கு வைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகிறது. மூன்று மொழிகளும் ஒரே வரிசையில் இச்சொல்லைக் கட்டியுள்ளன: தீமையோ இன்மையோ முன்னே, பேறு நடுவே, வினையடையாக்கும் உறுப்பு இறுதியில். ஆனால் அவ்விறுதி உறுப்பின் பிறப்பு மொழிக்கு மொழி வேறு. ஆங்கிலத்தின் 'லி', பழைய ஆங்கிலத்தில் உடல், உருவம் என்று பொருள்பட்ட சொல்லினின்று பிறந்தது. 'போல' என்று பொருள்படும் 'லைக்' என்பதும் அதன் உறவே. பிரெஞ்சின் 'மான்', மனம் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் வேற்றுமை வடிவம்; 'இன்ன மனத்தோடு' என்பது அதன் தொடக்கப் பொருள். தமிழின் 'ஆக' ஆதல் என்னும் வினையினின்று வந்தது. ஒருவர் உருவத்தைக் கொண்டும், ஒருவர் மனத்தைக் கொண்டும், நாம் ஆதலைக் கொண்டும் வினையடையை அமைத்துக் கொண்டோம். முழுச்சொற்களாய் இருந்தவை நாளடைவில் தேய்ந்து ஒட்டுகளாய் நின்றன.

இன்னொன்றும் கருதத்தக்கது. ஆங்கிலச் சொல்லின் நடுப்பகுதி இலத்தீனிலிருந்து வந்த கடன். தமிழ்ச் சொல்லின் நடுப்பகுதி வடமொழியிலிருந்து வந்த கடன். இரண்டிலும் ஈற்றுறுப்பு தாய்மொழியினுடையது. பெயரைக் கடனாகப் பெறும் மொழிகளும் அதை வாக்கியத்தில் இருத்தும் உரிமையைத் தம்மிடமே வைத்துக் கொள்கின்றன. 'நற்பேறின்மையால்' என்று முற்றும் தமிழாகவே கூறுவாரும் உளர். அதனை நன்மை, பேறு, இன்மை, ஆல் எனப் பிரித்தால், எதிர்மறையாகிய 'இன்மை' சொல்லின் பின்பகுதியில் நிற்பதைக் காண்கிறோம்.

இஃது உச்சரிப்போடும் தொடர்புடைய செய்தி. தமிழில் காலம், பால், எண், இடம், வேற்றுமை, எதிர்மறை அனைத்தும் பகுதிக்குப் பின்னரே வந்து ஒட்டுகின்றன. 'வந்தான்', 'வந்தாள்' என்பவற்றின் வேறுபாடு ஈற்றெழுத்தில்தான் உள்ளது. ஆதலின் தமிழன் சொல்லின் ஈற்றை விழுங்கமாட்டான். விழுங்கினால் பொருள் கெடும். அப்பழக்கத்தோடு ஆங்கிலத்திற்கு வருபவன் 'னட்லி' என்பதை 'நேட்லி' என்று முழுவதும் விரித்து, தலைப்பகுதிக்கு ஈடாக வால்பகுதியையும் ஒலிக்கிறான். அது நாவின் பிழையன்று. தாய்மொழி கற்பித்த ஒழுக்கம்.

எடுத்தல், படுத்தல், நலிதல்

ஆங்கிலச் சொல்லின் உயிர்நாடி அழுத்தம். ஒன்றுக்கு மேற்பட்ட ஒலியசைகளை உடைய சொல்லில் ஓரசை தலைமை பெறும். அதனை ஒலிக்கும்போது குரல் சற்று உயரும். ஒலி சற்று உரக்கும். காலம் சற்று நீளும். உயிரொலி தன் முழு வடிவில் நிற்கும். ஏனைய அசைகள் ஒடுங்கும். நம் சொல்லில் தலைமை பெறுவது இரண்டாம் அசையாகிய 'ஃபார்'. 'அன்' தணிந்து தொடங்க, 'ஃபார்' எழுந்து நிற்க, 'சுனட்லி' என்னும் மூன்றசைகளும் விரைந்து சரிந்து முடிகின்றன. ஐந்தசைகளையும் சமமாகத் தட்டி ஒலித்தால், ஆங்கிலம் தாய்மொழியாக உடையார் செவியில் அது ஐந்து தனித்தனிச் சொற்கள்போல் விழுகிறது.

இவ்வழுத்தம் பற்றித் தமிழ் இலக்கணம் அறியாததன்று. ஒலிப்பு முயற்சியின் வேறுபாடுகளை எடுத்தல், படுத்தல், நலிதல் என்று நன்னூல் எழுத்ததிகாரம் பெயரிட்டுக் கூறுகிறது. 'வந்தான்' என்பது வினைமுற்றாகவும் வரும். 'வந்தவன்' என்னும் பொருளில் வினையாலணையும் பெயராகவும் வரும். பெயராகுமிடத்துப் படுத்தலோசையால் அது வேறுபடும் என்பது உரையாசிரியர் கொள்கை. இதனை ஆங்கிலத்தின் 'ரெக்கார்ட்' என்னும் சொல்லோடு ஒப்பிட்டு நோக்குக. முதலசையில் அழுத்தினால் அது 'பதிவேடு' என்னும் பெயர். இரண்டாமசையில் அழுத்தினால் 'பதிவு செய்' என்னும் வினை. ஓசை வேறுபாட்டால் பெயரும் வினையும் பிரியும் என்னும் கருத்து நம் உரைமரபுக்குப் பழையது.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. தமிழில் பொருளைப் பிரிக்கும் பெரும்பொறுப்பு மாத்திரையிடம் உள்ளது. குறில் ஒன்று, நெடில் இரண்டு, மெய் அரை என்னும் கணக்குத் தவறினால் 'பல்' 'பால்' ஆகிவிடும். 'படம்' 'பட்டம்' ஆகிவிடும். அரபு ஓதலில் தஜ்வீத் கலை நீட்டலுக்கு அளவு வகுத்திருப்பதை அறிந்த பெரியோர்க்கு இதன் நுட்பம் சொல்லாமலே விளங்கும். தமிழில் அழுத்தம் இடம் மாறினாலோ பொருள் கெடுவது அரிது. ஆங்கிலத்தில் அப்பொறுப்பின் பெரும்பங்கு அழுத்தத்திடம் உள்ளது. மாத்திரையில் விழிப்பாக இருக்கும் நாம் அழுத்தத்தில் கவனமின்றி இருப்பதும், அழுத்தத்தில் விழிப்பாக இருக்கும் ஆங்கிலேயர் நம் மாத்திரையில் தடுமாறுவதும் ஒரே நாணயத்தின் இருபுறங்கள்.

குயிலாப்பாளையத்தில் தமிழ் கற்க முயலும் வெளிநாட்டார் இதற்குச் சான்றாவர். 'வணக்கம்' என்பதை 'வணாக்கம்' என்று அவர்கள் கூறுவது, அழுத்திய அசையை நீட்டும் தாய்மொழிப் பழக்கத்தாலேயே. ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தில் எழுதிய பலகையைக் காண்பவர்க்கு, அதில் பகர இரட்டிப்பும் இல்லை, ளகரமும் இல்லை, குறில் நெடில் குறிப்பும் இல்லை. எனவே எவ்வசையை எடுப்பது, எதை நீட்டுவது என்று அவர்களாகவே ஊகித்து ஒலிக்கின்றனர். அதைக் கேட்டு நாம் புன்னகைக்கிறோமேயன்றி அவரை அறிவிலார் என்று எண்ணுவதில்லை. அதே பெருந்தன்மையை நம் பிள்ளைகள் தம்மீதும் காட்டிக்கொள்ள வேண்டும்.

குற்றியலுகரம் தரும் பயிற்சி

அழுத்தம் பெறாத அசைகளில் உயிரொலி மங்கி, அகரமும் அன்று எகரமும் அன்று எனத்தக்க ஒரு நலிந்த ஒலியாகிறது. 'னட்' என்பதில் உள்ளது அத்தகைய ஒலியே. இதனை ஒலிப்பது கடினம் என்று மாணவர் அஞ்சுகின்றனர். ஆனால் 'நாடு', 'பாக்கு', 'எஃகு' என்னும் சொற்களின் ஈற்று உகரத்தை நாம் எவ்வாறு ஒலிக்கிறோம்? இதழ் குவிக்காது, முழு மாத்திரை கொடாது, அரை மாத்திரையளவில் குறைத்து விடுகிறோம். அதனைக் குற்றியலுகரம் என்று பெயரிட்டுத் தனியெழுத்தாகவே சார்பெழுத்து வரிசையில் வைத்தனர் நம் முன்னோர். குற்றியலிகரமும் ஐகாரக்குறுக்கமும் ஔகாரக்குறுக்கமும் அவ்வகையினவே. உயிரைக் குறுக்கி ஒலிக்கும் கலை தமிழ்க் குழந்தைக்குப் பேசத் தொடங்கிய நாளிலேயே கைவந்துவிடுகிறது. அக்கலையைச் சொல்லின் ஈற்றோடு நிறுத்தாது, ஆங்கிலத்தில் அழுத்தமில்லா இடமெங்கும் பயன்படுத்துமாறு கற்பித்தலே ஆசிரியர் செய்ய வேண்டுவது.

'அட்' என்னும் ஒட்டைப் பற்றி ஒரு சிறு விதியையும் இங்குக் குறிப்பிடலாம். 'செபரேட்', 'எஸ்டிமேட்' போன்ற சொற்கள் வினையாக வரும்போது ஈறு 'ஏட்' என்று விரியும். அவையே பெயராகவோ பெயரடையாகவோ வரும்போது 'அட்' என்று நலியும். 'ஃபார்ச்சுனட்' பெயரடை, ஆதலின் நலிவே உரியது.

அழுத்தம் இடம்பெயரும் முறை

ஆங்கில அழுத்தத்திற்கு விதியே இல்லை என்பார் உளர். முழுமையான விதி இல்லை என்பது உண்மை. ஆனால் சொல்லுறுப்புகளை அறிந்தவர்க்குப் பெரும்பகுதி விளங்கிவிடும். ஒட்டுகள் இருவகை. ஒருவகை, அழுத்தத்தை அசைக்காது அமைதியாக வந்து ஒட்டிக்கொள்ளும். மற்றொருவகை, அழுத்தத்தைத் தன் அருகே இழுத்துக்கொள்ளும்.

நம் 'லி' முதல்வகையைச் சேர்ந்தது. ஃபார்ச்சூன், ஃபார்ச்சுனட், அன்ஃபார்ச்சுனட், அன்ஃபார்ச்சுனட்லி ஆகிய நான்கிலும் அழுத்தம் 'ஃபார்' என்னும் ஓரசையிலேயே நிலைபெறுகிறது. முன்னே 'அன்' வந்ததும் பின்னே 'லி' வந்ததும் அதனை அசைக்கவில்லை. எனவே வினையடை ஒன்றை ஒலிக்க ஐயமெழுந்தால் 'லி'யை நீக்கி, எஞ்சிய பெயரடையின் அழுத்தத்தை நோக்கினால் பெரும்பாலும் போதும். 'இமீடியட்' என்பதில் இரண்டாமசை. 'இமீடியட்லி' என்பதிலும் அதுவே. 'டெஃபினிட்' என்பதில் முதலசை. 'டெஃபினிட்லி' என்பதிலும் அதுவே.

'இக்', 'இட்டி', 'ஷன்' என்னும் ஒட்டுகளோ இரண்டாம் வகையின. இவை பெரும்பாலும் தமக்கு நேர்முன்னே நிற்கும் அசைக்கு அழுத்தத்தைக் கொணர்கின்றன. 'எக்கானமி' என்பதில் இரண்டாமசை அழுத்தம் பெறும். 'எக்கனாமிக்' என்றவுடன் அது மூன்றாமசைக்கு நகர்கிறது. பின்னர் 'எக்கனாமிக்லி' என்று நீண்டாலும் அங்கேயே நிற்கிறது. 'ஃபோட்டோகிராஃப்', 'ஃபொட்டாகிரஃபி', 'ஃபோட்டோகிராஃபிக்' என்னும் மூன்றிலும் அழுத்தம் முறையே ஒன்று, இரண்டு, மூன்றாம் அசைகளில் அமைகிறது.

'லி' பற்றிய விதிக்கும் புறனடை உண்டு. 'நெசசரி' என்னும் சொல்லுக்கு அழுத்தம் முதலசையில். 'நெசசரிலி' என்று வினையடையாகும்போது அமெரிக்கர் மூன்றாமசையை அழுத்துகின்றனர். இங்கிலாந்திலும் முதலசையில் அழுத்தும் பழைய வழக்கோடு இப்புது வழக்கும் பரவியுள்ளது. இரண்டையும் அகராதிகள் ஏற்கின்றன. வழக்கு மாறுங்கால் இலக்கணமும் இடங்கொடுக்கும் என்பது எம்மொழிக்கும் பொது.

நம் நாட்டில் இச்செய்தி ஆராயப்படாமலும் இல்லை. இந்தியர் பேசும் ஆங்கிலம் பிறர்க்கு எந்த அளவு விளங்குகிறது என்பது பற்றி ஆர். கே. பன்சால் மேற்கொண்ட ஆய்வு 1969இல் ஐதராபாத்திலிருந்த மத்திய ஆங்கில நிறுவனத்தின் வழி வெளிவந்தது. விளங்காமைக்குரிய காரணங்களுள் சொல்லழுத்தம் இடம் தவறுதலை அது முதன்மையாகச் சுட்டியது. தனி எழுத்தொலிகளை வெள்ளையர்போல் ஒலிக்க முயன்று வீணே வருந்தும் மாணவர்க்கு இது நல்ல வழிகாட்டி. டகரம் சற்றுத் தமிழ்மணத்தோடு இருந்தால் குற்றமில்லை. அழுத்தம் உரிய அசையில் விழுந்தால் கேட்பவர் புரிந்துகொள்வார்.

கற்கும் முறை

வகுப்பறையில் பின்பற்றத்தக்க எளிய முறையொன்றைக் கூறி அமைவோம். ஆங்கிலச் சொல்லொன்று எதிர்ப்படின், முதலில் அதன் உறுப்புகளைப் பிரிக்க வேண்டும். முன்னொட்டு எது, பகுதி எது, பின்னொட்டு எது எனக் காண வேண்டும். அடுத்து, வாய்விட்டுக் கூறி ஒலியசைகளை விரல்விட்டு எண்ண வேண்டும். மூன்றாவதாக, பின்னொட்டு அழுத்தத்தை இழுக்கும் வகையா, இழுக்காத வகையா எனத் தெளிய வேண்டும். நான்காவதாக, அகராதியைத் திறந்து சரிபார்க்க வேண்டும். டேனியல் ஜோன்ஸ் 1917இல் வெளியிட்ட ஆங்கில உச்சரிப்பு அகராதி, பிறர் திருத்திய பதிப்புகளாக இன்றும் வழங்குகிறது. அத்தகைய அகராதிகளில் அழுத்தம் பெறும் அசைக்கு முன்னே மேற்புறத்தில் ஒரு சிறு கோடு இடப்பட்டிருக்கும். அக்கோடு அதனை அடுத்து வரும் அசைக்கு உரியது; முன் நிற்கும் அசைக்கன்று. ஐந்தாவதாக, அழுத்தமுள்ள அசையில் மேசையை ஒருமுறை தட்டி, மற்றவற்றைக் குற்றியலுகரம்போல் குறுக்கிப் பத்துமுறை ஒலிக்க வேண்டும்.

தமிழ் ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் இவ்விடத்தில் கைகோத்தல் நலம். பகுபத உறுப்பிலக்கணம் தேர்வுக்கு மட்டும் உரியதென்று மாணவர் கருதுகின்றனர். 'வந்தனன்' என்பதைப் பிரிக்கத் தெரிந்தவனுக்கு 'அன்ஃபார்ச்சுனட்லி'யைப் பிரிப்பது எளிது என்பதைத் தமிழ் வகுப்பிலேயே காட்டினால், இலக்கணத்தின் பயனும் விளங்கும். ஆங்கிலத்தின் அச்சமும் அகலும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ஆங்கிலம் ஒலியசையின் அழுத்தத்தாலும், தமிழ் எழுத்தின் மாத்திரையாலும் சொல்லை அளக்கின்றன என்பதும், இரண்டும் சொல்லுறுப்புகளை இணைத்தே சொல் வளர்க்கின்றன என்பதும் பெறப்படும். ஒன்றின் அளவுகோலால் மற்றொன்றை அளந்தால் இரண்டும் குறையுடையனவாகத் தோன்றும். அதனதன் கோலால் அளந்தால் இரண்டும் நிறைவுடையனவாகவே விளங்கும்.

சொல் விளங்காது 'மீண்டும் சொல்லுங்கள்' என்று ஒருவர் கேட்பது இழிவன்று. அவர் செவி ஓர் அழுத்தத்தை எதிர்நோக்கி நிற்கிறது; அதனைக் கொடுத்தால் போதும். தயங்கும் மாணவன் தலைகுனியாது, உரிய அசையை எடுத்து, மற்றவற்றைப் படுத்து மறுமுறை கூறட்டும். தாய்மொழியின் இலக்கணத்தைப் பழுதறக் கற்றவனுக்கு அயல்மொழியின் கதவும் தாழ் திறக்கும். அதற்குத் துணைநிற்பது ஆசிரியர் கடன். ஊக்குவிப்பது பெரியோர் கடன். முயல்வது மாணவர் கடன்.